பழைய கல்யாணக் கேசட்டை ஹெச்டி வீடியோவுக்குள் கொண்டுவருவது எப்படி?

பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு வீடியோ தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய காட்சிகள் எல்லாம் ஹெச்டி, அதாவது 1920-க்கு 1080 புள்ளிகள். நடுவில் மூன்று நிமிடம் அவர்களுடைய பழைய கல்யாணக் கேசட்டிலிருந்து தாலி கட்டும் காட்சி வர வேண்டும். கேசட்டைக் கணினியில் ஏற்றி எடிட்டிங் மென்பொருளில் போட்டுப் பார்த்தால் முகமெல்லாம் அகலமாகிக் கிடக்கிறது. யாராவது கையை அசைத்தால் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடுகள். அடியில் ஒரு பட்டை நடுங்கிக்கொண்டே இருக்கிறது. மணமேடைத் தூண்கள் நெளிகின்றன.

இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் நேராக, படத்தைப் பெரிதாக்கிக் கூர்மையாக்கும் ஏஐ அப்ஸ்கேலரிடம் போகிறார்கள். அது வரிசையில் கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. மேலே சொன்ன நான்கு கோளாறில் ஒன்றைக்கூட அது தீர்க்காது. நெளிந்த தூணைக் கொடுத்தால் நெளிந்த தூணைத்தான் கூர்மையாக்கித் தரும். கேசட்டில் இருப்பதை முழுதாக வெளியே எடுத்து, எடுத்ததை வழியில் சிந்தாமல் ஹெச்டி சட்டகத்துக்குள் வைப்பதில்தான் தரத்தின் பெரும்பங்கு அடங்கியிருக்கிறது.

கேசட்டுக்குள் இருப்பது என்ன

ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976-ல் கொண்டுவந்த கேசட் வகைக்குப் பெயர் விஹெச்எஸ். அரை அங்குல அகல நாடா. இந்தியாவிலும் இலங்கையிலும் பதிவானவை ‘பால்’ எனப்படும் ஒளிபரப்பு முறையைச் சேர்ந்தவை. ஒரு படத்துக்கு 625 கோடுகள், அவற்றில் கண்ணுக்குத் தெரிபவை 576. உயரத்தைப் பொறுத்தவரை இது அவ்வளவு மோசமில்லை.

அடி வாங்குவது அகலத்தில். விஹெச்எஸ்ஸின் தெளிவு சுமார் 240 கோடு என்று தொழிலில் சொல்வார்கள். படத்தின் உயரத்துக்குச் சமமான அகலத்துக்குள் எண்ணிய கணக்கு அது. முழு அகலத்துக்கும் கணக்கிட்டால் சுமார் 320 வரும். ஹெச்டியில் அதே இடத்தில் 1440 புள்ளிகள் இருக்கின்றன. நிறத்தின் நிலை இன்னும் கீழே, சுமார் 40 கோடுதான். நெற்றிக் குங்குமம் பொட்டின் எல்லையைத் தாண்டி வழிந்த மாதிரித் தெரிவதும், பட்டுப்புடவையின் சிவப்பு கரையைத் தாண்டிக் கசிவதும் இதனால்தான். கேமராமேனின் தவறு என்று நினைத்துவிட வேண்டாம்.

இனி கேசட்டின் வளமான பக்கம். பழைய வீடியோ கேமரா நொடிக்கு 25 முழுப் படங்களை எடுக்கவில்லை. 50 அரைப் படங்களை எடுத்தது. முதல் அரைப் படத்தில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்ததில் இரட்டைப்படைக் கோடுகள் என்று மாறி மாறி. ஒவ்வோர் அரைப் படத்துக்கும் பெயர் ஃபீல்டு, அதில் 288 கோடுகள். இரண்டு ஃபீல்டுகளுக்கும் நடுவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கடந்திருக்கும். தாலி கட்டும் கை அதற்குள் சற்று நகர்ந்திருக்கும். இரண்டையும் ஒரே படமாக ஒட்டினால் தெரிவதுதான் அந்தச் சீப்புப் பல்.

ஆக, இன்று நொடிக்கு 25 படத்தில் எடுக்கும் கேமராவைவிட அந்தக் கேசட்டில் அசைவின் விவரம் இரண்டு மடங்கு. புள்ளிகளில் ஏழை, அசைவில் பணக்காரன். கடைகளில் செய்து தரும் ‘ஹெச்டி கன்வர்ஷன்’ பலவற்றில் முதலில் காணாமல் போவது இந்தச் செல்வம்தான்.

ஓட்டுவதற்கு முன்னால்

முதலில் எது அசல் என்று விசாரியுங்கள். கல்யாண வீட்டுக்கு ஸ்டுடியோ கொடுத்தது பெரும்பாலும் எடிட் செய்த பிரதி. அதிலிருந்து சித்தப்பா வீட்டுக்கு ஒன்று, மாமா வீட்டுக்கு ஒன்று என்று மறுபடியும் பிரதி போயிருக்கும். ஒவ்வொரு பிரதியிலும் தெளிவு குறையும், இரைச்சல் (படத்தில் நடுங்கும் புள்ளிகளும் திட்டுகளும்) கூடும், நிறம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சற்றுக் கீழே நகர்ந்து விழும். உறவினர் வீடுகளில் உள்ள எல்லாக் கேசட்டையும் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்து, நல்லதைத் தேர்ந்தெடுப்பது எந்த மென்பொருளையும்விட அதிகப் பலன் தரும். கேசட் இருக்கும்போது டிவிடியிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். அது ஏற்கெனவே ஒருமுறை நசுக்கப்பட்ட படம்.

கேசட்டின் கண்ணாடிச் சாளரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி போலவோ திட்டுத் திட்டாகவோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை டெக்கில், அதாவது கேசட்டை ஓட்டும் கருவியில், போடக் கூடாது. பூஞ்சை, நாடாவைப் படிக்கும் முனையான டெக்கின் ஹெட்டில் ஒட்டி அடுத்து ஓடும் எல்லாக் கேசட்டுக்கும் பரவும். நாடாவையும் கீறும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பூஞ்சை இல்லையென்றால், முதுகுப் பக்க ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். அது இல்லாத கேசட்டில் டெக் பதிவு செய்யாது, தவறி பட்டனைத் தட்டினாலும் கல்யாணம் அழியாது. பிறகு ஒருமுறை கடைசிவரை முன்னே ஓட்டி, மறுபடி பின்னே சுற்றுங்கள். பல வருடம் ஒரே நிலையில் இறுகிக் கிடந்த நாடா சீராகச் சுற்றிக்கொள்ளும்.

டெக்கும் பழையதுதான். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு விஹெச்எஸ் டெக் தயாரிப்பை நிறுத்தியபிறகு புதிதாக எதுவும் வரவில்லை. கைமாறி வரும் டெக்கில் ஹெட் அழுக்காக இருந்தால் படம் முழுக்கப் பனி பெய்யும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய ஷாமி தோலை, ஹெட் பதிந்திருக்கும் உருளையின் மேல் அசையாமல் அழுத்திப் பிடித்து, உருளையை மட்டும் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட்டின் நுனி ஒடிந்துவிடும். பஞ்சு சுற்றிய குச்சியை ஹெட்டுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள், அதன் நூல் அதில் சிக்கிக்கொள்ளும்.

ஒரே கேசட் ஒரு டெக்கில் மோசமாகவும் இன்னொன்றில் நன்றாகவும் ஓடுவது சாதாரணம். பதிவு செய்த டெக்கின் பாதை அமைப்பு எப்படி இருந்ததோ, அதற்கு நெருக்கமான டெக்தான் நன்றாகப் படிக்கும். ஹெட்டை நாடாவின் தடத்தோடு பொருத்தும் தானியங்கி டிராக்கிங் அலைபாய்ந்தால் அதை நிறுத்திவிட்டு, ரிமோட்டில் கையால் நகர்த்தி இரைச்சல் பட்டை கீழே ஒதுங்கும் இடத்தில் நிறுத்துங்கள். படத்தைக் கூர்மையாக்கும் வசதி டெக்கில் இருந்தால் அணைத்துவிடுங்கள். சில ஜேவிசி டெக்குகளில் அதற்கு ‘எடிட்’ என்ற நிலை உண்டு. டெக் சேர்க்கும் செயற்கைக் கூர்மை விளிம்புகளில் வெள்ளைக் கோடாக நிற்கும். பின்னால் படத்தைப் பெரிதாக்கும்போது அந்தக் கோடும் பெரிதாகும்.

தூண் நேராக நிற்க வேண்டும்

நாடாவை இழுக்கும் வேகம் நொடிக்கு நொடி நுண்ணளவில் மாறுகிறது. அதனால் ஒவ்வொரு கோடும் சற்று முன்னே பின்னே தொடங்குகிறது. பழைய டிவி இதை ஓரளவு பொறுத்துக்கொண்டது. டெக்கிலிருந்து வரும் படத்தைக் கணினிக்குள் ஏற்றும் கேப்சர் கருவி பொறுக்காது. கதவு நிலை, மணமேடைத் தூண், வாழைமரம் போன்ற செங்குத்தான விளிம்புகள் நெளிவதும், படத்தின் மேல்முனை கொடி போல் வளைவதும் இதன் விளைவு. இதைச் சரிசெய்யும் மின்சுற்றுக்குப் பெயர் டைம் பேஸ் கரெக்டர், சுருக்கமாக டிபிசி. ஒவ்வொரு கோட்டையும் நினைவகத்தில் வாங்கி, சரியான நேரத்தில் வெளியே விடும்.

ஜேவிசியின் உயர்வகை எஸ்-விஹெச்எஸ் (விஹெச்எஸ்ஸின் மேம்பட்ட வகை) டெக்குகள் சிலவற்றிலும், பானசோனிக் என்வி-எஃப்எஸ்200 டெக்கிலும் இது உள்ளேயே உண்டு. விலை அதிகம். மலிவான மாற்று வழி ஒன்று பரவலாகப் பயன்படுகிறது. பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 அல்லது இஎஸ்15 என்ற பழைய டிவிடி ரெக்கார்டர். அதில் எதையும் பதிவு செய்ய வேண்டியதில்லை. டெக்கிலிருந்து வரும் இணைப்பை அதன் உள்ளே கொடுத்து, வெளியே எடுத்துக் கேப்சர் கருவிக்குக் கொடுத்தால் போதும். கடந்து போகும்போதே கோடுகள் நேராகிவிடும். அதன் மெனுவில் உள்ள இரைச்சல் நீக்கத்தை மட்டும் அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அசையும் முகங்கள் இழுபடும். எந்த மென்பொருளும் இந்த நெளிவைப் பின்னால் முறையாகச் சரிசெய்து தராது. அதனால் பணம் ஓரிடத்தில்தான் செலவிட முடியும் என்றால் இங்கே செலவிடுங்கள்.

கணினிக்குள் ஏற்றுவது

மஞ்சள் நிற ஒற்றை வயரைவிட எஸ்-வீடியோ வயர் நல்லது. விஹெச்எஸ் நாடாவில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகவே பதிவாகியிருக்கின்றன. மஞ்சள் வயரில் இரண்டையும் கலந்து அனுப்பி, மறுமுனையில் மறுபடி பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது சரியாகப் பிரியாது. பட்டுப்புடவையின் ஜரிகைக் கரையில் வானவில் போல நிறம் ஓடுவது அதனால்தான். ஆனால் சாதாரண டெக்கில் எஸ்-வீடியோ துளை இருக்காது. அப்போது மஞ்சள் வயரே போதும், அதற்காக வேலையை நிறுத்த வேண்டாம்.

தவிர்க்க வேண்டியது ஏவி-யிலிருந்து ஹெச்டிஎம்ஐ-க்கு மாற்றும் சிறிய பெட்டி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, உடனே 1080 என்று காட்டுகிறது, அதனால் பலரும் ஏமாறுகிறார்கள். அது இரண்டு ஃபீல்டுகளை அவசரமாக ஒட்டி, படத்தை 16-க்கு 9 ஆக இழுத்து, பெரும்பாலும் நொடிக்கு 60 படமாக மாற்றிவிடும். 50-ஐ 60 ஆக்க ஐந்து படத்துக்கு ஒருமுறை ஒரு படத்தை இரட்டிப்பாக்கும். கேமரா மெல்லத் திரும்பும் காட்சியில் தத்தித் தத்திப் போவது போலத் தெரியும். இவையெல்லாம் படத்தோடு வெந்துபோய்விடும், பின்னால் பிரிக்க முடியாது.

வேண்டியது ஃபீல்டுகளை அப்படியே 720-க்கு 576 அளவில் கொடுக்கும் கேப்சர் கருவி. விர்ச்சுவல்டப்2 என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். நிறத்துக்கு 4:2:2 முறை, சுருக்குவதற்கு இழப்பில்லாத ஹஃப்ஒய்யுவி அல்லது எஃப்எஃப்வி1. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 முதல் 40 ஜிபி ஆகும். சுருக்காமல் வைத்தால் சுமார் 75 ஜிபி. நேராக எம்பி4 ஆகப் பதிவு செய்தால் இடம் மிச்சம்தான். ஆனால் நாடாவின் இரைச்சலைச் சுருக்க முடியாமல் கட்டம் கட்டமாக உடையும் படத்தைத்தான் பிறகு துடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பதிவைத் தொடங்குவதற்கு முன் வெளிச்ச அளவைப் பார்க்க வேண்டும். அந்தக் காலக் கல்யாண வீடியோ என்றால் கண்ணைக் கூசும் விளக்கை முகத்துக்கு நேரே பிடித்திருப்பார்கள். வெள்ளை வேட்டியும் மணமகளின் நெற்றியும் அளவுக்கு மேல் வெளுத்திருக்கும். எட்டு பிட் வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. வெளிச்ச அளவுகளைக் காட்டும் மென்பொருளின் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது சுவரில் முட்டினால், கேப்சர் அமைப்பில் கான்ட்ராஸ்டைக் குறையுங்கள். இடது சுவரில் முட்டினால் பிரைட்னஸைக் கூட்டுங்கள். படம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். பதிவின்போதே வெட்டுப்பட்டால் வேட்டியின் மடிப்பு திரும்பி வராது.

பதிவு ஓடும்போது ‘டிராப்’ என்ற எண்ணைக் கவனியுங்கள். விடுபட்ட ஒவ்வொரு படமும் 40 மில்லி நொடி. 25 படம் விடுபட்டால் கெட்டிமேளம் ஒரு நொடி தள்ளிக் கேட்கும். எண் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிபிசி இல்லாததுதான் காரணம். சில சமயம் ஹார்ட் டிஸ்க் வேகம் போதாததும் காரணமாக இருக்கலாம்.

கேசட் விஹெச்எஸ் இல்லாமல் மினிடிவி என்றால் இத்தனை பாடு இல்லை. அது ஏற்கெனவே டிஜிட்டல். ஃபயர்வயர் என்ற வயர் இணைப்பு வழியாக அப்படியே நகலெடுக்கலாம், மணிக்குச் சுமார் 13 ஜிபி. வெளிநாட்டு உறவினரின் கேசட்டாக இருந்தால் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கனடாவில் பதிவானது என்டிஎஸ்சி, நொடிக்கு 29.97 படம், 480 கோடு. பிரான்ஸில் பதிவானது செக்காமாக இருக்கலாம். அதைப் ‘பால்’ மட்டும் தெரிந்த டெக்கில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக ஓடும். நிறம் அழிந்துவிட்டது என்று பயந்துவிட வேண்டாம்.

ஐம்பதும் ஐம்பதாகவே

இப்போது கையில் இருப்பது ஃபீல்டுகள் பின்னிக் கிடக்கும் கோப்பு. இதை நொடிக்கு 25 படம் ஓடும் ஹெச்டி டைம்லைனில் அப்படியே போட்டால் எடிட்டிங் மென்பொருள் இரண்டில் ஒன்றைச் செய்யும். சீப்புப் பல்லோடு காட்டும், அல்லது ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிந்துவிட்டு மற்றதன் 288 கோட்டை இழுத்து நிரப்பும். இரண்டாவதில் பாதி அசைவும் பாதிக் கோடும் போய்விடும்.

செய்ய வேண்டியது ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழுப் படமாக வளர்ப்பது. 50 ஃபீல்டிலிருந்து 50 முழுப் படம். காணாமல் போன கோடுகளை முன்னும் பின்னும் உள்ள ஃபீல்டுகளிலிருந்து, அசைவைக் கணக்கிட்டு எடுத்து நிரப்ப வேண்டும். இதில் இன்றும் முதலிடம் கியூடிஜிஎம்சி என்ற இலவச ஸ்கிரிப்டுக்குத்தான். அவிசிந்த் அல்லது வேப்பர்சிந்த் என்ற வீடியோ மென்பொருளின் மேல் ஓடுகிறது. ஸ்கிரிப்ட் எழுதப் பழக்கமில்லாதவர்கள் ஹைப்ரிட் என்ற இலவச மென்பொருளில் பட்டனை அழுத்தியே இதைப் பயன்படுத்தலாம். ‘ஸ்லோ’ என்ற நிலை போதும். அதற்கு மேல் போனால் நேரம்தான் கூடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது அரிது. அவ்வளவு பொறுமை இல்லையென்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் உள்ள பிடபிள்யூடிஐஎஃப் வடிகட்டி வேகமாக முடிக்கும், தரமும் மோசமில்லை.

இங்கே ஒரே ஒரு தகவலைச் சரியாகக் கொடுக்க வேண்டும், எந்த ஃபீல்டு முதலில் என்பது. அனலாக் கேப்சர் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில். மினிடிவி கீழ் ஃபீல்டு முதலில். மாற்றிச் சொல்லிவிட்டால் நடப்பவர் இரண்டு அடி முன்னே, ஓர் அடி பின்னே என்று நடுங்குவார். பத்து நொடித் துண்டை எடுத்துச் சோதித்து, யாராவது குறுக்கே நடக்கும் இடத்தில் படம் படமாக நகர்த்திப் பாருங்கள். ஒரே திசையில் போனால் சரி.

முடிந்தால் உங்கள் ஹெச்டி வீடியோவையே நொடிக்கு 50 படமாக அமையுங்கள். ஏற்கெனவே 25-ல் தொடங்கிவிட்டால், கியூடிஜிஎம்சி கொடுத்த ஐம்பதிலிருந்து ஒன்று விட்டு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் ஒவ்வொரு படத்திலும் முழு 576 கோடு இருக்கும். அந்தக் கேமராக்களின் ஷட்டர் சாதாரணமாக ஐம்பதில் ஒரு நொடி, அதனால் 25-ல் ஓடும்போதும் அசைவு கண்ணுக்கு இதமாகவே இருக்கும்.

ஒரு விதிவிலக்கு. கேசட்டில் இருப்பது ஃபிலிமில் எடுத்து வீடியோவுக்கு மாற்றிய காட்சி என்றால், ‘பால்’ முறையில் இரண்டு ஃபீல்டும் ஒரே படத்தின் இரண்டு பாதிகள். நடுவே நேரம் கடக்கவில்லை. அவற்றை ஒட்டினாலே முழுப் படம் வந்துவிடும், கியூடிஜிஎம்சி தேவையில்லை.

துடைப்பது, ஆனால் அட்சதையைத் துடைக்காமல்

இரைச்சல் நீக்கும் வடிகட்டிகள் அடுத்தடுத்த படங்களை ஒப்பிடுகின்றன. இரண்டிலும் இருப்பதை உண்மை என்றும், ஒன்றில் மட்டும் தோன்றி மறைவதை இரைச்சல் என்றும் எடுத்துக்கொள்கின்றன. பெரும்பாலான காட்சிகளுக்கு இது சரியாக வேலை செய்யும். தாலி கட்டும் அந்த நொடிக்கு மட்டும் சரிவராது.

அந்த இடத்தைப் படம் படமாக நிறுத்திப் பாருங்கள். மேலிருந்து அட்சதை விழுகிறது. ஒவ்வோர் அரிசியும் திரையில் இரண்டு மூன்று புள்ளி அளவுள்ள வெளிர்ந்த கீற்று. ஐம்பதில் ஒரு நொடிக்குள் வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. நாடாவில் காந்தப் பூச்சு உதிர்ந்த இடங்களில் வரும் வெள்ளைக் கீற்றும் இதே அளவு, இதே ஆயுள். வடிகட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். புள்ளி நீக்கும் வடிகட்டியை முழு வீடியோவுக்கும் போட்டுவிட்டு, பார்க்காமல் ஏற்றுமதி செய்தவர்களின் வீடியோவில் எல்லாரும் கையை உயர்த்தி வீசுவார்கள், அரிசி மட்டும் இருக்காது. ஹோமப் புகைக்கும் இதே கதி. மெல்லிய புகை இரைச்சலாக எண்ணப்பட்டு, மெழுகுத் திட்டு போல ஒரே இடத்தில் உறையும்.

அதனால் காட்சிகளைத் துண்டு போட்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு அளவு வைக்க வேண்டும். அட்சதை விழும் ஐந்தாறு நொடிக்குப் புள்ளி நீக்கத்தை முற்றிலும் அணைத்துவிடுங்கள். நாடாவின் இரண்டு கீற்று மிஞ்சினால் மிஞ்சட்டும். மற்ற இடங்களில் நிறத்தின் இரைச்சலைத் தாராளமாகவும், வெளிச்சத்தின் இரைச்சலைக் கொஞ்சமாகவும் குறையுங்கள். நிறத்தில் ஏற்கெனவே நுணுக்கம் இல்லாததால் அங்கே இழக்க ஒன்றுமில்லை. சுவரில் நடுங்கும் நீல சிவப்புத் திட்டுகள் மறைந்தாலே படம் பாதி சுத்தமாகத் தெரியும். இரைச்சல் நீக்கும் கருவிகளில் எஸ்எம்டிகிரெய்ன் இலவசம், நீட் வீடியோ கட்டணம். இரண்டிலும் நிறத்தையும் வெளிச்சத்தையும் தனித்தனியாக அமைக்கலாம். கன்னத்தின் தோல் பொம்மைத் தோலாகத் தொடங்கும் இடம் எது என்று பார்த்து, அதிலிருந்து கணிசமாகப் பின்வாங்குங்கள்.

நிறம் கீழே இறங்கியிருந்தால் குங்குமப் பொட்டே அளவுகோல். சிவப்பு பொட்டுக்குக் கீழே தொங்கினால், நிறத் தளத்தை மட்டும் இரண்டு, நான்கு கோடு என்று மேலே நகர்த்திப் பொருத்துங்கள்.

சட்டகத்துக்குள் வைப்பது

720-க்கு 576 என்பது 4-க்கு 3 படம், ஆனால் புள்ளிகள் சதுரமல்ல. இடப்பக்கம் 8, வலப்பக்கம் 8 புள்ளிகளை வெட்டினால் 704-க்கு 576 கிடைக்கும். அதை 1440-க்கு 1080 ஆக வளர்த்தால் முகங்கள் சரியான அகலத்துக்கு வரும். 1920 அகலச் சட்டகத்தில் இரு பக்கமும் 240 புள்ளி காலியாக நிற்கும்.

அந்தக் காலியிடத்தைச் சகிக்க முடியாமல் படத்தை அகலமாக இழுப்பவர்கள் உண்டு. மணமகளை மூன்றில் ஒரு பங்கு பருமனாக்கும் வேலை அது. பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் கால்வாசி போகும். கேமராமேன் மணமக்களின் தலைக்கு மேல் இடம் விட்டிருந்தால் சில காட்சிகளுக்கு இது பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அதே காட்சியை மங்கலாக்கிப் பக்கவாட்டில் ஓடவிடும் பழக்கம் கவனத்தைச் சிதறடிக்கிறது. கறுப்பு அல்லது அடர்ந்த மரூன் போல அசையாத ஒரே நிறம்தான் எங்கள் தேர்வு.

அடியில் நடுங்கும் பட்டை, டெக் ஒரு ஹெட்டிலிருந்து மற்றதற்கு மாறும் இடம். பத்துக் கோடு அளவு இருக்கும். பழைய டிவியில் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்ததால் யாரும் பார்த்ததில்லை. கறுப்பால் மூடிவிடலாம், அல்லது படத்தை இரண்டு சதவீதம் பெரிதாக்கி வெளியே தள்ளிவிடலாம்.

நிறக் கணக்கும் மாற வேண்டும். பழைய வீடியோவின் நிறச் சமன்பாடு 601 எனப்படும் தரநிலை, ஹெச்டியின் சமன்பாடு 709 எனப்படும் தரநிலை. மாற்றாமல் விட்டால் குங்குமச் சிவப்பு சற்றே செம்மஞ்சளாகும், வாழையிலைப் பச்சை இருண்டுபோகும். பெரிதாக்கும் மென்பொருளில் இந்த மாற்றத்தைத் தெளிவாகக் குறிப்பிட்டுவிட்டு, பிறகுதான் கையால் நிறம் திருத்த வேண்டும். திருத்தும்போது வெள்ளை வேட்டியை அளவாக வைக்கலாம். ஆனால் அதைத் தூய வெள்ளையாக்கும்வரை போகாதீர்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நடந்த கல்யாணம் கொஞ்சம் மஞ்சளாக இருப்பதுதான் நியாயம்.

இப்போது ஏஐ

படம் நேராகி, ஃபீல்டு பிரிந்து, இரைச்சல் குறைந்தபிறகு அப்ஸ்கேலருக்கு உரிய நேரம் வருகிறது. படத்தைப் பெரிதாக்க ஸ்ப்லைன்36 போன்ற, ஏஐ இல்லாத சாதாரண முறையே பல கேசட்டுக்குப் போதும். என்என்இடிஐ3 சாய்வான விளிம்புகளை இன்னும் வழுவழுப்பாகத் தரும். டாபஸ் நிறுவனத்தின் ஏஐ வீடியோ மென்பொருள் போன்றவை துணி மடிப்பு, கோபுரச் சிற்பம், தூண் வேலைப்பாடு ஆகியவற்றில் நன்றாகவே உதவும்.

முகத்தில்தான் ஆபத்து. பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகம் கேசட்டில் இருபது புள்ளி அகலம்கூட இருக்காது. அதிலிருந்து கண்ணிமையை மீட்க முடியாது. ஏஐ தான் கற்ற ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து ஒரு கண்ணை வரைந்து வைக்கும். அழகாக இருக்கும், பாட்டியாக இருக்காது. இன்று உயிரோடு இல்லாதவர்களின் கடைசி அசையும் படம் பல வீடுகளில் இந்தக் கேசட்தான். அதில் வேறொருவர் முகத்தை ஒட்ட யாருக்கும் உரிமையில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. முகம் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். ஏஐ கொடுத்த படத்தையும் சாதாரணமாகப் பெரிதாக்கிய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஏஐ படத்தின் அடர்த்தியை 30 முதல் 50 சதவீதத்துக்குள் நிறுத்தினால் கூர்மையும் கிடைக்கும், ஆளும் மாற மாட்டார்.

ஒலியும் ஏற்றுமதியும்

சாதாரண விஹெச்எஸ்ஸில் ஒலி நாடாவின் ஓரத்தில் ஒரு மெல்லிய பாதையில் பதிவாகிறது. சுமார் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்காது. ஹை-ஃபை டெக்கில் பதிவானது என்றால் ஒலி பல மடங்கு நன்றாக இருக்கும், அதனால் ஹை-ஃபை டெக்கில் ஓட்டிப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள். ஒலிக்கு முன்னும் பின்னும் கேட்கும் ‘உஸ்’ சத்தத்தை மாதிரியாக எடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் 6 முதல் 10 டெசிபெல் மட்டும் குறையுங்கள். அதற்கு மேல் போனால் நாகஸ்வரம் தண்ணீருக்குள்ளிருந்து வாசிப்பது போலாகிவிடும். கெட்டிமேளத்தின்போது ஒலி உடைந்திருந்தால் பதிவின்போதே கேமராவின் மைக் திணறியிருக்கிறது. அதை முழுதாக மீட்க வழியில்லை.

முடித்த காட்சியை 1920-க்கு 1080, நொடிக்கு 50 படம், புரோரெஸ் 422 என்ற வீடியோ வடிவத்தில் ஏற்றுமதி செய்து பெரிய வீடியோவில் சேருங்கள். வாட்ஸ்அப்பில் போய்ச்சேர வேண்டிய பிரதிக்கு ஹெச்.264 வடிவம், தரக் காரணி (சிஆர்எஃப்) 18. ஃபீல்டுகள் பின்னிக் கிடக்கும் அந்த முதல் கேப்சர் கோப்பை இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருங்கள். ஃபீல்டுகளை முழுப் படமாக்கும் (டீ-இன்டர்லேஸ்) முறைகள் வருடந்தோறும் முன்னேறுகின்றன. மூலக்கோப்பு இருந்தால் நாளை மறுபடி செய்துகொள்ளலாம், கேசட்டை இன்னொருமுறை ஓட்ட வேண்டியதில்லை.

யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால் 576 உயரத்திலேயே ஏற்றாதீர்கள். 720-க்குக் குறைந்த அளவுகளில் யூடியூப் நொடிக்கு 50 படத்தைக் காட்டுவதில்லை, 25 ஆக்கிவிடும். 1080 உயரத்துக்கு வளர்த்து ஏற்றினால்தான் அந்த ஐம்பதும் பார்ப்பவர் திரைவரை போய்ச்சேரும்.